ஏட்டு தொடாத கூடை

"நாறுதா?" என்று கேட்டார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் மாலை பஸ். அவர் காலடியில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. காலையில் நிறையக் கருவாடு போகும், மாலையில் விற்றுவிட்டுத் திரும்புவார். கூடை காலியானாலும் வாசனை காலியாவதில்லை.

"இல்லீங்க," என்றேன். படித்தவன் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்த வயது.

"நாறுது," என்றார் அவர். "எனக்கே நாறுது, உனக்கு நாறாம எப்படி இருக்கும்? மூக்கு இருக்குது இல்ல? பொய் சொல்லாத. எந்திரி, சன்னல் பக்கம் வா."

இடம் மாறி உட்கார்ந்தோம். அந்த அம்மாளை நான் அறிந்துகொண்டது இப்படித்தான். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. நான் செய்ததைச் சொல்வதற்கு அவர் பெயர் தேவையில்லை.

எழுபதுகளின் நடுவில் மரக்காணம் உயர்நிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியர். என் ஊர் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. உப்பளத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வாரம் முழுவதும் உப்பையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சனிக்கிழமை பாண்டிக்குப் போனால்தான் உயிர் வரும். ஓட்டலில் ஒரு சாப்பாடு, நூலகத்தில் இரண்டு மணி நேரம், சில வாரம் ஒரு சினிமா. திரும்பும்போது அவரும் அதே வண்டியில் இருப்பார். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கலாம். வண்டியில் எல்லோருக்கும் அவர் 'அக்கா', எனக்கு மட்டும் 'அம்மா'. அவருக்கு நான் 'வாத்யாரு'.

அவர் பொய் சொல்ல மாட்டார். நல்லவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சிலருக்கு இடது கைப் பழக்கம் இருக்கிறதே, அது மாதிரி. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். வேறு விதமாகச் சொல்ல அவருக்கு வராது.

கருவாடு விற்பதே அப்படித்தான். பாண்டியில் ஒரு வீட்டு வாசலில் அவர் வியாபாரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். "இந்த நெத்திலி வேணாம்மா. காயப்போட்ட அன்னிக்கு மழ தூறிடுச்சி. புழு வெக்கும். அடுத்த வாரம் வாங்கிக்கோ." இப்படி விற்றால் விளங்குமா என்று நினைப்போம். ஆனால் பத்து மணிக்குள் கூடை காலியாகிவிடும். அவர் 'நல்லா இருக்குது' என்று சொன்னால் யாரும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, கூட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று இவரையும் கூப்பிட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில், "பொண்ணு சமையல்லாம் எப்படிங்க?" என்று இவரிடம் கேட்டுத் தொலைத்தாள்.

"வெந்நீர் நல்லா காச்சும்," என்றார் இவர்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு தெருவில் பெண் பார்க்க யாராவது வந்தால், அன்று இவர் பாண்டிக்குப் போய்விட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் வரச் சொல்வார்கள்.

அவர் வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை செய்தார். மதியத்தில் கொட்டகைக்குள் போய்ச் சற்றுக் கண்ணயர்வார். பாண்டிக்குப் போகாத நாளில் சோறு கொண்டுவந்த இவரிடம் மேஸ்திரி, "எங்கக்கா உன் வூட்டுக்காரரு?" என்று கேட்டால், "தூங்குது" என்று பதில் வரும். அந்த மனிதர் என்னிடம் ஒரு முறை சொன்னார்: "இவளக் கட்டிக்கினதுலேருந்து ஒரு நாள்கூட எனக்குப் பொய்க் காய்ச்சல் வந்ததில்ல சார். வந்தா, நெஜக் காய்ச்சல்தான் வரணும்."

"ஒரு தடவ மாத்திச் சொன்னா இன்னா?" என்று யாராவது கேட்டால் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான். "இருக்கறது ஒரு வாயி. அதயும் ரெண்டாக்கச் சொல்றியா?"

இப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு அந்த பஸ் எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது.

பாண்டியிலிருந்து மரக்காணம் வருவதற்குள் மாநிலம் மூன்று தடவை மாறும். புதுவை, தமிழ்நாடு, மறுபடி புதுவை, மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கோடு. கடைசிக் கோட்டில் ஒரு செக்போஸ்ட். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு மேசை, சாலைக்குக் குறுக்கே ஒரு சவுக்குக் கழி, காவலுக்கு ஒரு போலீஸ் ஏட்டு. தமிழ்நாட்டில் மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். புதுவையில் கடை திறந்திருந்தது. அதனால் அந்த வண்டியில் ஏறும் ஆண்களில் பாதிப் பேர் மடியில் குழந்தையைத் தாங்குவது போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மதுவிலக்கு வந்த முதல் வாரம் ஏட்டு வண்டியில் ஏறி, "என்னாக்கா, இருக்குதா ஏதாவது?" என்று இவரிடம் சும்மா கேட்டார்.

"எங்கிட்ட இல்ல. பின்னாடி நீலச் சட்ட வேட்டியில ரெண்டு இருக்குது. டிரைவர் சீட்டுக்குக் கீழ ஒண்ணு. அந்தத் தாடிக்காரரு இன்னும் குடிச்சி முடிக்கல."

அன்று வண்டி கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கண்டக்டர், பயணிகள், ஏட்டு மூன்று தரப்பும் சேர்ந்து அவரிடம் கெஞ்சினார்கள். ஏட்டுதான் ரொம்பக் கெஞ்சினார். தினமும் மாலை கேஸ் எழுதி எழுதி அவருக்குக் கை வலித்துவிட்டது. "அவங்கவங்க கூடைக்கு அவங்கவங்க வாயி. உன் கூடையப் பத்தி மட்டும் சொல்லுக்கா, போதும்," என்றார். இவரும் யோசித்து, "அது நாயம்தான்," என்று ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஏட்டு ஏறுவார். எல்லோர் பையையும் தட்டிப் பார்ப்பார். இவரிடம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கூடையில என்னாக்கா?" என்று கேட்பார். விற்று முடித்தபின் பாண்டியில் ஊராருக்காக வாங்கிய சாமான்களை இவர் ஒவ்வொன்றாகச் சொல்லி, "வேற ஒண்ணுமில்ல" என்று முடிப்பார். "போலாம் ரைட்" என்று ஏட்டு இறங்கிவிடுவார். அந்தக் கூடையை அவர் தொட்டதே இல்லை. வண்டியில் ஏட்டு தொடாத ஒரே கூடை அதுதான்.

என் தங்கை எனக்கு ஒரு கைக்குட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். மூலையில் பச்சை நூலில் ஒரு மயில். மயில் என்று அவள் சொன்னாள். பார்ப்பவர்களுக்குக் கோழி. நான் அதை எடுத்து முகத்தைத் துடைக்கும்போதெல்லாம் அந்த அம்மாள், "இன்னா வாத்யாரே, கோழிக்கு வேத்துடுச்சா?" என்பார். மயில் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "எனக்குத் தெரியறதத்தான் நான் சொல்லுவேன்" என்பார்.

அந்தத் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைத் தனியாக அழைத்து, "நீங்க பாண்டிக்குப் பக்கத்துலதானே இருக்கீங்க தம்பி," என்று தோளில் கை போட்டார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. ஒரு பிராந்தி பாட்டில் இல்லாவிட்டால் கல்யாணத்தில் முகம் சுளிப்பார், ஏதாவது குறை கிளப்புவார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பிடிபட்டால் எனக்கு ஆசிரியர் வேலை போய்விடும். அப்போதுதான் அந்தக் கூடை நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை பாண்டி பஸ் நிலையத்தில் அந்த அம்மாள், "வாத்யாரே, ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். கூடயப் பாத்துக்கோ," என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டேன். கூடைக்குள் மேலே வெற்றிலைக் கட்டு, வளையல் பொட்டலம், யாருக்கோ இருமல் மருந்து. அடியில் மடித்த சாக்கு. பாட்டில் எதிலாவது பட்டுச் சத்தம் போடக்கூடாதே என்று என் கைக்குட்டையைச் சுற்றி, சாக்குக்குக் கீழே வைத்தேன். கை நடுங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கெட்டிக்காரத்தனம் செய்த மகிழ்ச்சிதான் இருந்தது.

செக்போஸ்டில் ஏட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கூடையில என்னாக்கா?"

"வெத்தல, வளையலு, எதிர்வூட்டுக் கெழவிக்கு இருமலு மருந்து, எனக்கு ஒரு பன்னு. வேற ஒண்ணுமில்ல."

"போலாம் ரைட்!"

மரக்காணத்தில் இறங்கும்போது கூடையை நான்தான் இறக்கிக் கொடுப்பது வழக்கம். அப்போது பாட்டிலை எடுத்துக்கொள்வது என் திட்டம். ஆனால் உப்பளத்து வளைவு வந்தபோது, வடகிழக்கில் வானம் கறுத்து வருவதை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"ஏம்பா நிறுத்து! மழ வருது. உப்பு போயிடும்!"

அந்த ஊரில் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாரிக் குவித்த உப்பின் மேல் மழை விழுந்தால் இரண்டு மாத உழைப்பு தண்ணீராய்ப் போகும். யார் அளமாக இருந்தாலும் சரி, மேகத்தைப் பார்த்தவர்கள் ஓடிப்போய்க் கீற்றுப் போட்டு மூடுவார்கள். பாதி பஸ் இறங்கி ஓடியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் ஒரு கையால் பிடித்தபடி ஓடினார்கள். அவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் பறந்தார். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கூடை கொட்டகைக்குள் போயிற்று. என் தலையில் யாரோ கீற்றை ஏற்றினார்கள். "வாத்யாரு நல்லாத் தூக்குறாருப்பா!" என்று பெண்கள் சிரித்தார்கள். உப்பை மூடி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நனைந்துபோய் நான் கொட்டகைக்கு வந்தபோது, அவர் வீட்டுக்காரர் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயில் பூசைக்குப் போகாமல் காலை பஸ்ஸில் ஏறினேன். நண்பன் ஒருவன் தெரியாமல் வைத்துவிட்டான் என்று சொல்லிப் பாட்டிலைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் முன்னிருக்கையில் இருந்தார். முந்தானைக்குள் எதையோ மூடி வைத்திருந்தார். பக்கத்தில் போக எனக்குத் துணிவு வரவில்லை.

செக்போஸ்ட் வந்ததும், "கண்டக்டரு, நிறுத்து," என்றார்.

"அக்கா, போற வண்டிக்கு செக்கிங் இல்லக்கா."

"எனக்கு இருக்குது."

இறங்கிப் போய் மேசை மேல் பாட்டிலை வைத்தார். ஏட்டு எழுந்து நின்றுவிட்டார். வண்டி முழுக்க சன்னல் வழியாக எட்டிப் பார்த்தது.

"இன்னாக்கா இது?"

"நேத்து வேற ஒண்ணுமில்லன்னு சொன்னேன் இல்ல? இது இருந்துச்சி. வூட்டுக்குப் போய்தான் பாத்தேன்."

"பாத்த இல்ல, கடல்ல வீசறதுதானே? எடுத்துக்கினு வந்து எங்கிட்ட நிக்கறியே! நான் இப்ப கேஸ் எழுதணும். யார் மேல எழுதறது, உன் மேலயா?"

"எழுது. சொன்னது நான்தானே?"

"உன் மேல எழுதினா என் பொண்டாட்டி எனக்குச் சோறு போட மாட்டாக்கா. கருவாட்டுக் கொழம்புக்கு எங்க போவா அவ?"

பஸ்ஸில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒருவன் சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும்.

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "சரி, யாருது இது? அத மட்டும் சொல்லு. அவன நான் பாத்துக்கறேன்."

அந்த அம்மாள் திரும்பி பஸ்ஸைப் பார்த்தார். ஒவ்வொரு சன்னலாகப் பார்வை வந்தது. என் சன்னலிலும் பட்டு, தாண்டிப் போயிற்று. வண்டி தன்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

"தெரியாது," என்றார்.

"அக்காவே தெரியாதுன்னா தெரியாதுதான்," என்று ஏட்டு பாட்டிலைத் திறந்து மணலில் கவிழ்த்தார். பின்னிருக்கையில் இரண்டு பேர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடப்பாவி" என்று முனகினார்கள்.

மேசை மேல் வெறும் பாட்டில்தான் இருந்தது, கைக்குட்டை இல்லை. மழையில், சேற்றில் எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அன்று மாலை திரும்பும் வண்டியில் ஏட்டு வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கூடையில என்னாக்கா?" என்று கேட்டார். அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சாலையோரம் சாக்கை விரித்து, கூடையைத் தலைகீழாகக் கொட்டினார்.

"பாத்துக்கோப்பா."

"ஐயோ, வேணாங்க்கா. உன் வாய் போதும்."

"அந்த வாயி போச்சி," என்றார். "இனிமே கண்ணால பாத்துக்கோ."

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. தினமும் மாலையில் இறங்கி விரித்தார். ஏட்டு கெஞ்சினார், கண்டக்டர் கோபித்தார், பயணிகள் முணுமுணுத்தார்கள். அவர் மாறவில்லை. பிறகு மனிதர்கள் வழக்கப்படி, அதையும் ஒரு வேடிக்கையாக்கிக்கொண்டார்கள். "அக்கா கட போட்டுட்டாங்கப்பா!" என்று டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைப்பார். விரித்ததைப் பார்த்து, "இந்த ஊக்கு எவ்ளோக்கா?", "எனக்கும் நாளைக்கு ஒரு சீப்பு வாங்கியாக்கா" என்று பெண்கள் சுற்றி நிற்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தை நம்பி ஒருவர் அங்கே சுண்டல் விற்க ஆரம்பித்து, நன்றாகவே பிழைத்தார். நானும் சனிக்கிழமைதோறும் சுண்டல் வாங்கித் தின்றபடி, அவர் ஒவ்வொரு பொருளாகத் தட்டித் திரும்பக் கூடையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வேற ஒண்ணுமில்ல' என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

பாண்டியில் ஒரு மாதா கோயிலில், என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அந்த அம்மாளிடம் போய் உண்மையைச் சொல் என்றார். மந்திரங்களைச் சொல்லிவிட்டேன்.

தங்கை கல்யாணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் இரண்டு கோலி சோடா குடித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் பந்தியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாட்டிலைப் பற்றி அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. கடைசிச் சனிக்கிழமை பாண்டிக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். மாலை பஸ்ஸில் அந்த அம்மாள் பக்கத்தில் இடம் இருந்தது.

"வாத்யாரே, நீ டிக்கெட்டு வாங்கறப்ப உன் பையில ஒண்ணு வெச்சேன். வூட்டுல போய்ப் பாரு."

செக்போஸ்டில் அவர் இறங்கிச் சாக்கை விரித்தார். ஏட்டு என்னிடம் வந்தார். "சாருகிட்ட ஒண்ணுமில்ல இல்ல?" என்று சும்மா கேட்டார். மாற்றலாகிப் போகிற ஆசிரியரின் பையை அன்று அவர் தட்டிப் பார்க்கவில்லை. 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் எப்படிச் சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சங்கடம் எனக்குப் புரிந்தது.

"தெரியலீங்க. பாத்துடுங்க," என்று இறங்கிப் போய், அந்த அம்மாளின் கூடைப் பொருள்களுக்குப் பக்கத்தில் என் பையைக் கொட்டினேன்.

ஒரு சட்டை, இரண்டு புத்தகம், ஒரு சோப்பு. கடைசியாக ஒரு மூட்டை விழுந்தது. நெத்திலிக் கருவாடு. துவைத்து மடித்துவைத்த கோடுகூட மறையாத என் கைக்குட்டையில் கட்டியிருந்தது.

"இது யாருது சார்? கோழி போட்டிருக்குது," என்றார் ஏட்டு.

"மயிலுப்பா அது," என்றார் அந்த அம்மாள்.

"என்னுதுங்க," என்றேன்.

"கருவாடுதானே, எடுத்துக்கோங்க," என்று ஏட்டு சிரித்தார். வண்டியில் ஏறினோம். கழி உயர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "கோழியப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி. தெரிஞ்சிக்கினே தெரியாதுன்னேன். என் ஆயுசுல அது ஒண்ணுதான்."

"ஏம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"உனக்கு வேல போயிடும். எனக்கு இன்னா, கூடதானே? கொட்டிக் காட்டிட்டுப் போறேன்."

பஸ் செக்போஸ்டை விட்டு நூறு கஜம்கூடப் போயிருக்காது. நிறுத்தச் சொல்லி இறங்கி, ஏட்டிடம் போய், அந்த அக்காவின் வாய் போகவில்லை, போனது என் வாய்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த நாளும் அவர் இறங்கிக் கூடையைக் கொட்டியிருப்பார். அதற்கடுத்த நாளும். எத்தனை வருடம் கொட்டினார் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

அன்று பஸ்ஸில் என் மடியில் பை இருந்தது. அதற்குள் கருவாடு. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நாறுதா?"

"நாறுதும்மா," என்றேன்.

"ம்," என்று எழுந்து எனக்கு வழிவிட்டார். "சன்னல் பக்கம் வா."